உலையை மூட முடிவான மறுநாள்

"உங்க வீட்டம்மாவோட வேலைக்கே உலை வச்சிட்டாங்க. நீங்க என்னடான்னா விசிலடிச்சுக்கிட்டு ஷேவ் பண்றீங்க" என்றார் நாற்காலியில் இருந்த தபால்காரர்.

"தலையை ஆட்டாதீங்க சார், கத்தி காதுகிட்ட இருக்கு" என்றார் சலூன்காரர்.

அணுமின் நிலையத்தை மூடலாமா, வேண்டாமா என்று ஊரே மூன்று மாதம் அடித்துக்கொண்டது. வாக்குவாதம் முற்றி, பாதி வெட்டிய தலையோடு சலூனிலிருந்து எழுந்து போனவர்களும் உண்டு. நேற்று வாக்கெடுப்பு. மூடுவது என்று முடிவாகிவிட்டது.

"நீங்க எதுக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"மூடறதுக்குத்தான்."

தபால்காரர் கண்ணாடியில் அவரை முறைத்தார். "அவங்க அங்க கட்டுப்பாட்டு அறையில இருக்காங்க. உங்க சோத்துல நீங்களே மண்ணைப் போட்டுக்கிட்டீங்களே."

"ஒன்பது வருஷமா அவளுக்கு ராத்திரி ஷிப்ட் சார். நான் கடையைப் பூட்டிட்டுப் போறப்ப அவ பஸ் ஏறுவா. அவ வந்து படுக்கறப்ப நான் இங்க கடை திறப்பேன். புருஷன் பொண்டாட்டின்னு பேரு, பாத்துக்கறது பஸ் ஸ்டாப்புல. சோறு கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, ராத்திரி கண் முழிச்சா பக்கத்துல அவ இருக்கணும்."

தபால்காரர் மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

சாயங்காலம் அவள் வேலைக்குப் போகும் பையோடு கடைக்கே வந்துவிட்டாள். இப்படி வந்ததே இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார்.

"இன்னும் எத்தனை ராத்திரி போகணும்?"

"மூடினாலும் எரிபொருள் உடனே ஆறாதுங்க. தண்ணித் தொட்டிக்குள்ள வச்சு, ராப்பகலா ஆள் உக்காந்து பாத்துக்கணும். வேற ஊர்ல வேலை கிடைச்சவங்க எல்லாரும் கிளம்பறாங்க. மிச்சம் இருக்கறவங்க யாரும் ஷிப்ட் மாறக் கூடாதுன்னு இன்னைக்கு உத்தரவு."

"ஆற எவ்வளவு நாளாகும்?"

"ஏழு வருஷம்."

அவர் சீப்பை எடுத்தார், திரும்ப வைத்தார். "அதுக்கென்ன, ஒன்பது வருஷம் ஓட்டியாச்சு" என்றார்.

அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது போன வாரமே வந்துச்சுங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து எனக்குப் பகல் ஷிப்ட். ஓட்டுச் சத்தமெல்லாம் அடங்கினதும் உங்களுக்குச் சொல்லலாம்னு ஒளிச்சு வச்சிருந்தேன். மூடறதுன்னு முடிவானதும் இதை ரத்து பண்ணிட்டாங்க."