வெளிறிய கதவு

அவள் குழந்தைகளுக்கான மாயக்கதைக் கார்ட்டூன் தொடருக்குப் படம் வரைபவள். அசையாதவற்றைப் பின்னணியாக ஒரே அட்டையில் தீட்டுவார்கள். அசைய வேண்டியதை மட்டும் தனியாகக் கண்ணாடித் தாளில் இவள் வரைவாள். அதனால் அதன் நிறம் சற்று வெளிறியே தெரியும்.

மாலையில் மகளோடு அறையில் உட்கார்ந்து புது எபிசோடைப் பார்த்தாள்.

“இப்ப அந்தப் பாறை உருளும் பாரு.”

உருண்டது.

“எப்படிம்மா? நீ என்ன மந்திரவாதியா?”

“அசையப்போறது வெளுத்திருக்கும்டி, வாயாடி. அவ்வளவுதான் மந்திரம்.”

மகள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். “அப்ப நம்ம அலமாரிக் கதவும் அசையுமா?”

அவள் திரும்பினாள். காலையில் ஒரே நிறமாக இருந்த இரண்டு கதவுகளில் இடப்பக்கக் கதவு மட்டும் வெளிறியிருந்தது.

மகளை வாரியெடுத்துக்கொண்டு அறைவாசலுக்கு ஓடினாள். வாசற்கதவு, கைப்பிடி உட்பட, சுவரோடு சுவராகத் தீட்டப்பட்டிருந்தது.