ஹாரனுக்கான காற்று

பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய லாரி அது. கல் குவாரியிலிருந்து இறங்கும்போது அதன் ஹாரன் யார் காதிலும் விழுவதில்லை. கடைசி வளைவில், பாறை நிழலுக்காகப் பாதையிலேயே உட்கார்ந்து ஜல்லி உடைக்கும் பெண்கள், கிரஷர் இரைச்சலுக்குப் பயந்து காதில் துணியை அடைத்திருப்பார்கள். டிரைவர் சுடலைமுத்துவின் மனைவி பூவம்மாவும் அவர்களில் ஒருத்தி. போன வாரம் வண்டி அவளுடைய கூடையை நசுக்கிய பிறகுதான் நின்றது. மறுநாளே மெக்கானிக் காசிமிடம் போய்ப் பெரிய ஏர் ஹாரன் மாட்டச் சொன்னான்.

"தனி டேங்க் இல்லண்ணே. பிரேக் டேங்குலருந்துதான் காத்து எடுத்திருக்கேன். ரொம்ப ஊதுனீங்கன்னா பிரேக்குக்குக் காத்து இருக்காது."

"ஊதுனா எந்திரிச்சு ஓடிருவாளுக. அப்புறம் பிரேக் எதுக்குடா?"

காலையில் பூவம்மாவிடமும் பீற்றிக்கொண்டான். "இன்னிக்கு நம்ம வண்டிச் சத்தத்தைக் கேளு. மலையே எந்திரிக்கும்."

இப்போது லோடு பின்னாலிருந்து தள்ள, வண்டி வளைவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஹாரனை அழுத்தினான். பாறை அதிர்ந்தது. யாரும் திரும்பவில்லை. கையை எடுக்காமல் அழுத்தினான். காற்றைக் காட்டும் முள் சரிந்து சிவப்புக்குள் போனது. பிரேக்கை மிதித்தான். வண்டி கேட்கவில்லை.

அப்போதுதான் பூவம்மா திரும்பினாள். காதுத் துணியை உருவினாள். பக்கத்திலிருந்தவளைத் தட்டி, முகமெல்லாம் சிரிப்பாக வண்டியைக் காட்டினாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே, இன்னொரு தடவை ஊதச் சொல்லிக் கையை ஆட்டினாள்.