ரேடியோவுக்கு மார்க் இல்லை

தெருவில் வீடு வீடாக வசதி விவரம் எழுதி மார்க் போட்ட அதிகாரியிடம் பாப்பாயி பொருமினாள்.

"அந்த சௌந்திரத்து ஊட்டுக்குப் பத்து மார்க், எங்களுக்கு ஏழுதானுங்களா? அவ ரேடியோ வாங்கினான்னுதானே மஞ்சள வித்து நானும் வாங்கினேன்!"

"தெருவுல எல்லாருமே வாங்கிட்டீங்கம்மா. எல்லார்கிட்டயும் இருக்கிறதுக்கு மார்க் கிடையாது. அபூர்வமா இருக்கிறதுக்குத்தான் மார்க் அதிகம்."

"அப்படியென்ன அவகிட்ட மட்டும் இருக்குதுங்க?"

"பொம்பளைங்கள்ல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான்."

"எனக்குத் தெரியாதுன்னு ஆருங்க சொன்னது?"

"நீங்க உள்ளே ரேடியோவைத் துடைச்சுக்கிட்டு இருந்தப்ப உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார்."

போன வருஷம் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிக் காட்டி, சௌந்திரத்துக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே பாப்பாயிதான்.