மெத்தை வைத்த ஷூ

பிரேக் பாதிதான் இறங்கியது.

பஸ் டிரைவர் மறுபடி மிதித்தார். பெடலுக்குக் கீழே ஏதோ மெத்தென்று தடுத்தது.

குனிந்து பார்க்கத் தேவையில்லை. அவருடைய ஷூதான்.



எதிரே பதினோராவது கொண்டை ஊசி வளைவு. அதற்கு அப்பால் ஆகாயம். பின்னால் ஐம்பத்திரண்டு பேர், மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் பாதிப் பேர் தூக்கம். இரண்டாவது கியர் மட்டும்தான் வண்டியைப் பிடித்து வைத்திருந்தது.

டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மூட்டு தேய்ந்துவிட்டது, இடது முழங்காலில் இந்தப் பட்டையைக் கட்டுங்கள், ஷூவுக்குள் இந்த மெத்தையை வையுங்கள், வெறுங்காலோடு மட்டும் இருக்காதீர்கள். நடப்பதற்குச் சுகமாகத்தான் இருந்தது. ஓட்டுவதற்கு? பாழாய்ப்போன மெத்தை, பெடல் எங்கே இருக்கிறதென்றே பாதத்துக்குத் தெரியவிடவில்லை. இருபத்தாறு வருடம் வெறுங்காலால் மிதித்துப் பழகிய பாதம் அது. மலை உச்சியில் வண்டியை எடுக்கும்போதே ஷூவைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

இறக்கத்தில் அது அவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

பட்டை மட்டும் காக்கி பேண்ட்டுக்குள் இருந்தது. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டிப்போ வாசலில் உட்கார வைத்துவிடுவார்கள். இன்னும் நான்கு வருட சர்வீஸ் பாக்கி. அந்தப் பயத்தோடுதான் இத்தனை நாளும் கிளட்சை மிதித்தார்.

இப்போது வந்ததற்கு முன்னால் அதெல்லாம் ஒரு பயமா?

கண்டக்டர் மயில்சாமி பின் படிக்கட்டருகே நின்றான். கூப்பிடலாம். கூப்பிட்டால் மொத்த வண்டியும் விழித்துக்கொண்டு அலறும். அவன் வந்து சேர்வதற்குள் வளைவு வந்துவிடும்.

ஷூவை எடுக்க வேண்டுமென்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

வலது கால் உடனே பெடலுக்குத் திரும்பத் தயாராக இருக்க வேண்டும். அதனால் இடது காலை நன்றாக மடக்கி, குதிகாலால் இழுக்க வேண்டும். அந்த முழங்கால் அவ்வளவு மடங்கி வருடக்கணக்காகிறது. பட்டையும் மடங்க விடாது.

ஈஸ்வரா.

வலது காலை எடுத்தார்.

வண்டி முன்னால் பாய்ந்தது.

மடக்கினார்.

உள்ளே எலும்போடு எலும்பு நறநறத்தது. கண்ணில் பூச்சி பறந்தது. குதிகாலில் ஷூ மாட்டியது, நழுவியது.

மறுபடி மாட்டியது, வெளியே வந்தது.

பிரேக் முழுதாக இறங்கியது.

வண்டி அது பாட்டுக்கு வளைவில் திரும்பியது. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனது.

அடிவாரத்தில் டிப்போவுக்கு எதிரே எல்லாரும் இறங்கினார்கள். அவர் ஸ்டியரிங்கை விடவில்லை.

குழந்தையைத் தோளில் போட்டிருந்த பெண் அவருடைய ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"நாளைக்கும் நீங்கதானுங்களாண்ணா? நீங்க ஓட்டுனாத்தான் இவ வாந்தி எடுக்காம வர்றா."

சிரித்து வைத்தார்.

குழந்தையின் ஒரு கால் தூக்கத்தில் ஆடிக்கொண்டே போனது. அது கூட்டத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஷூ இரண்டையும் தேடி எடுத்து மாட்டினார். பேண்ட்டைச் சுருட்டி, பட்டையைப் பிரித்தார். கர்ரென்று சத்தம் கேட்டது. மயில்சாமி திரும்பிப் பார்த்தான்.

பார்க்கட்டும்.

சுருட்டியதை இறக்கிவிட்டு, பட்டையைக் காக்கிக்கு மேலே கட்டிக்கொண்டார். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தார்.