ஒரே ஒரு ஓட்டை

போர்வெல் போடும் ரிக் வண்டி மருதாசலம் ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பூமியைப் பணியாரக் கல்லாக்கிவிட்டு வந்தவர். ஆனைக்கரட்டுப் பாறையில் ஒரே ஒரு ஓட்டை போட இப்படிக் கெஞ்ச வேண்டிவரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"ஒன்னே ஒன்னு சாமி. அறுபத்திரண்டாவது அடியில ஒரு போல்ட். ஏறுறவங்க கயித்த மாட்டிக்கட்டும்."

"ஒன்ன அடிக்க உட்டா நாளைக்குப் படி கட்டி, உச்சியில பரோட்டாக் கடை போட்ருவாங்க," என்றான் மலையேற்றச் சங்கத்தின் புதுச் செயலாளர் சபரிநாதன். "ஏனுங்க, நீங்க ஏறியிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஆனா ரிக்குக்காரனுக்கு அடிக்கணக்குத் தப்பாது."

"முதல்ல ஏறுனவங்க சம்மதிக்காம யாரும் போல்ட் அடிக்கக் கூடாதுங்க. அதுதான் எங்க வழக்கம். அவங்க எழுதியே வெச்சுட்டாங்க, பாருங்க."

சங்கத்துப் பழைய நோட்டை நீட்டினான்.

'இந்தப் பாறையில் ஒரு ஓட்டைகூட வேண்டாம். எங்கப்பா பூமியில் போட்டதே போதும். - சௌந்தர்யா.'

மருதாசலம் சிரித்தார். பிறகு அந்த எழுத்தை விரலால் தடவினார்.

"குசும்புக்காரி. போன தையில அறுபத்திரண்டாவது அடியிலதானுங்க எம்பொண்ணு கை நழுவி உளுந்து போய்ச் சேந்தா. இன்னொரு புள்ள அங்க உளுகக் கூடாதேன்னுதான் வந்தேன்."

சபரிநாதன் நோட்டை மூடி வைத்தான்.

"ஐயா, நீங்க அடிங்க. நான் சங்கத்துல பேசிக்கறேனுங்க."

"வேண்டாம் சாமி," என்று டிரில் மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டார் மருதாசலம். "முதல்ல ஏறுனவ சம்மதிக்கோணுமில்ல?"