வயிற்றெரிச்சல்

"என்னங்க, உங்க அண்ணி இன்னிக்கும் எச்சில் பண்ணித்தான் கொடுத்தாங்க!"

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த என் கணவர் நிமிரவே இல்லை. "எதை?"

"இஞ்சித் தண்ணியைத்தான். என் கண்ணெதிரிலேயே ஒரு மடக்கு குடிச்சுட்டு மீதியை நீட்டுறாங்க. என்ன பழக்கமோ!"

"சூடு பார்க்கிறாங்களோ என்னமோ."

"சூடு பார்க்க டம்ளரைத் தொட்டாப் போதாதா?"

எனக்கு மூன்றாவது மாதம். பற்பசை வாசனைக்கே குமட்டும். இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர் கொஞ்சம் குடிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், நான் கேட்காமலேயே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள் ஓரகத்தி அக்கா. கல்யாணமாகி ஒன்பது வருஷம், அவளுக்குக் குழந்தை இல்லை.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் கொடுத்தாள். அப்புறம்தான் இந்தக் கூத்து.

மறுநாள் காலையிலும் அதேதான். பெரிய மடக்காகக் குடித்தாள். முகம் கோணியது.

"இதுல ஒண்ணும் இல்லம்மா, குடி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எச்சில் எனக்கு ஆகாதுக்கா. இனிமே நானே போட்டுக்கறேன்."

"சரிம்மா." டம்ளரோடு திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் என் அறைப்பக்கமே வரவில்லை. நானே அடுப்படியில் நின்றேன். இஞ்சி கொதிப்பதற்குள் வாந்தி வந்துவிடும். முன்பெல்லாம் தலையைப் பிடித்துக்கொள்ள அவள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்.

"நல்லவேளை, நீ அவளைத் தப்பிக்க விட்டியேம்மா. அவளுக்கு இஞ்சி சேரவே சேராது. ஒரு வாய் குடிச்சாலும் சாயங்காலம் வரைக்கும் வயித்தெரிச்சல்தான். வேணாம்னு சொன்னா எங்க கேட்டா?"

"அப்புறம் எதுக்குக் குடிச்சாங்க?"

தயங்கினார். சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ உங்க அம்மாகிட்ட போன்ல பேசினது அவ காதுல விழுந்துடுச்சும்மா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று அம்மாவிடம் நான் சிரித்துக்கொண்டே சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வந்தது.

"பிள்ளை இல்லாத வயித்தெரிச்சல்ல எதைக் கலந்து தர்றாளோ, யார் கண்டது!"