பெஞ்சின் மறுபாதி

எனக்கும் ஒரு தோழி கிடைத்துவிட்டாள்! பள்ளிக்குப் புதிதாக வந்தவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. முப்பது நாளாக மதிய இடைவேளையில் வகுப்பின் வாயாடி ஒருத்தி இவளோடுதான் சாப்பிடுகிறாள். தன் அப்பா குடும்பத்தை விட்டுப்போனதை இவள் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"ஏய் ஊமைக்கோட்டான், இதுல கையெழுத்து போடுடி. சேவைக் கிளப்புக்கு இன்னிக்கே கொடுக்கணும்" என்று தாளையும் பேனாவையும் நீட்டினாள் வாயாடி.

"நான் கிளப்புலயே இல்லையே?"

"அதனாலதான்டி! உதவி வாங்கினவங்கதான் போடணும்."

புதியவள் வாங்கிப் படித்தாள். 'தனிமையில் வாடும் மாணவிக்குத் துணை: முப்பது மதியங்கள், இருபது மணி நேரம். குறிப்பு: தந்தை கைவிட்ட குடும்பம்.'

"சீக்கிரம்டி, கிளப்புல கேட்ட இருபது மணி நேரக் கணக்கு இன்னியோட முடியுது."

புதியவள் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"எனக்கு யாரும் உதவி செய்யலை. இத்தனை நாளா ஒரு தோழி இருந்தா, அவ்வளவுதான்."